கேமில் ஜெயிக்கிறவன் தொழிலில் ஏன் திணறுகிறான்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "தொழிலில் நான் உருப்படியாகக் கற்றதில் பாதி வீடியோ கேமில் கற்றது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். திட்டியும் தட்டிக்கொடுத்தும் சந்தேகம் கேட்டும் கடிதங்கள் குவிந்துவிட்டன. வழக்கமான பல்சுவைக் கேள்விகளை இந்த முறை ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் கேம் கம்பெனியில் வேலை பார்த்தவன் இல்லை. சின்னதாக ஒரு டிசைன் நிறுவனம் நடத்தி, இரண்டு மூன்று முறை தடுக்கி விழுந்து, ராத்திரியில் கேம் ஆடுகிறவன். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

கே: பத்து வருடமாக கேம் ஆடுகிறேன், ரேங்க்கும் மோசமில்லை. விடிய விடிய ஒரே இடத்தில் உட்கார முடிகிறது. ஆனால் நானே ஆரம்பித்த தொழிலில் ஒரு இன்வாய்ஸ் அனுப்பப் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. இது சோம்பலா, வேறு ஏதாவது கோளாறா?
(சுயதொழில் செய்யும் வாசகர்)

ப: சோம்பேறியாக இருந்தால் விடிய விடிய உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். கேம் உங்களுக்குச் செய்கிற ஓர் உபகாரத்தை உங்கள் தொழில் செய்வதில்லை, அதுதான் விஷயம். மேலிருந்து விழுகிற கட்டைகளை ஓட்டை இல்லாமல் அடுக்கி, நிரம்பிய வரிசைகளை அழிக்கிற கேம் டெட்ரிஸ். அதில் ஒரு கட்டையைத் தப்பாக இறக்கினால் அடுத்த நொடியே கீழே ஓட்டை தெரிகிறது. யாரும் வந்து சொல்ல வேண்டாம், மழுப்பவும் வழியில்லை, கண்ணெதிரே ஓட்டை. அடுத்தடுத்த கட்டையில் அதைச் சரிசெய்யப் பார்க்கிறீர்கள். இப்போது நீங்கள் அனுப்புகிற கொட்டேஷனை நினைத்துப் பாருங்கள். அனுப்பி மூன்று வாரம் கழித்து "பார்த்துட்டுச் சொல்றோம் சார்" என்று ஒரு பதில் வரும், அதுவும் வந்தால் உண்டு. விலை தப்பா, எழுதிய விதம் தப்பா, அனுப்பிய ஆளே தப்பா, ஒன்றும் தெரியாது. இப்படி இருட்டில் கல் எறிகிற வேலையில் மனசு எப்படி ஒட்டும்?

அதனால் மன உறுதியை வளர்க்கிற கதையெல்லாம் அப்புறம். ஒன்றைச் செய்வதற்கும் அதன் பலன் தெரிவதற்கும் நடுவே உள்ள தூரத்தை முதலில் குறையுங்கள். ஒரு கேமை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று போட்டி போடுகிற ஸ்பீட்ரன்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் வைத்திருப்பார்கள். மொத்த ஆட்டத்தையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தன்னுடைய பழைய ஓட்டத்தோடு ஒப்பிட்டுக் காட்டும். முந்தினால் பச்சை, பிந்தினால் சிவப்பு, அந்தத் துண்டில் இதுவரை இல்லாத வேகம் என்றால் தங்க நிறம். முழு ஆட்டம் சொதப்பிப் போன நாளில்கூட நடுவில் ஒரு தங்கத் துண்டு கிடைக்கும், அந்த சந்தோஷத்தில் மறுபடி ஆரம்பிப்பார்கள்.

ஆர்டர் வருமா வராதா என்பது நம் கையில் இல்லை. நான் அதை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு பழைய நோட்டில் நான்கு கட்டம் போட்டேன்: பேசியது, கொட்டேஷன் அனுப்பியது, திரும்ப விசாரித்தது, இன்வாய்ஸ் போட்டது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று எதிரே எழுதினேன். மூன்றாவது நாளே ஒன்று தெரிந்தது. இன்வாய்ஸ் போட எனக்கு 40 நிமிடம் ஆகிறது, அதில் 30 நிமிடம் வாடிக்கையாளரின் முகவரியையும் கடைசி இன்வாய்ஸ் எண்ணையும் தேடுவதிலேயே போகிறது. என் சோம்பல் என்று நான் வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தது, கடைசியில் பார்த்தால் ஒரு முகவரிப் பட்டியல் இல்லாத குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியல் போட்டேன், முடிந்தது.

கே: எந்த கேம் ஆடினால் மூளை கூர்மையாகும்?
(கல்லூரி மாணவி)

ப: எந்த கேமை ஆடுகிறீர்களோ அந்த கேமில் கூர்மையாகும். மூளைப் பயிற்சி கேம்களை விற்ற லுமாசிட்டி, இதை ஆடினால் படிப்பிலும் வேலையிலும் திறமை கூடும், வயதானால் வருகிற மறதி தள்ளிப்போகும் என்கிற ரீதியில் விளம்பரம் செய்தது. அதற்கெல்லாம் ஆதாரம் போதாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டவைத்தது. கேமில் கற்றது தானாக நடந்து வந்து உங்கள் மேஜையில் உட்காராது, நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

கே: எங்களுக்குச் சின்னச் சின்ன வேலைகளாகவே வருகின்றன. பெரிய ஒப்பந்தம் ஒன்று கிடைத்தால் நிமிர்ந்துவிடுவோம். அதற்காகச் சின்ன வேலைகளை மறுத்துவிட்டுக் காத்திருக்கலாம் என்கிறேன் நான். கூட்டாளி கூடவே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
(பங்குதாரர்களில் ஒருவர்)

ப: மறுபடியும் டெட்ரிஸுக்குத்தான் போகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் வந்த பழைய நின்டெண்டோ டெட்ரிஸில் ஆரம்ப லெவலில் ஒரு வரிசையை அழித்தால் 40 புள்ளி. நான்கு வரிசையை ஒரே அடியில் அழித்தால் 1200. அதே நான்கை ஒவ்வொன்றாக அழித்திருந்தால் மொத்தமே 160. அதே நான்கு வரிசை, ஏழரை மடங்கு பலன். (ஏழரை என்றதும் பயந்துவிடாதீர்கள், இது நல்ல ஏழரை.) அதனால்தான் நன்றாக ஆடுகிறவர்கள் வலது ஓரத்தில் ஒரு பத்தியைக் கிணறு மாதிரி காலியாக விட்டுவிட்டு, மற்ற இடத்தையெல்லாம் ஓட்டை இல்லாமல் அடுக்கிக்கொண்டே போய், நான்கு வரிசை உயரமுள்ள நீளக் கட்டை வந்ததும் அந்தக் கிணற்றில் இறக்குவார்கள். ஆக, பெரியதுக்குக் காத்திருப்பது பேராசை இல்லை, கணக்கு. இதுவரை நீங்கள் சரி.

ஆனால் நீளக் கட்டை எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. இருப்பதே ஏழு வகைக் கட்டைகள், ஏழில் ஒன்று நீளம், ஆனால் அந்தப் பழைய டெட்ரிஸ் ஏழுக்கு ஒன்று என்று முறை வைத்துத் தராது. முப்பது கட்டை தாண்டியும் வராமல் போகும். ஆடுகிறவர்கள் இதை வறட்சி என்றே சொல்கிறார்கள். காத்திருக்கிற நேரத்தில் அடுக்கு சும்மா இருக்குமா? ஏறிக்கொண்டே போகும். அப்போது கெட்டிக்காரன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். அடுக்கு ஓர் உயரத்தைத் தொட்டதும், கௌரவம் பார்க்காமல், கையில் வந்த குட்டைக் கட்டையை வைத்தே ஒன்றிரண்டு வரிசையை அழித்துக் கீழே இறங்குகிறான். இதற்கு 'பர்ன்' என்று பெயர். அதில் கிடைக்கிற புள்ளி அற்பம்தான். அவனுக்கு வேண்டியது புள்ளி இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்க இடம்.

உங்கள் அடுக்கின் உயரம் என்ன? வருமானமே இல்லாமல் சம்பளமும் வாடகையும் எத்தனை மாதம் கொடுக்க முடியும் என்பதுதான். அந்த எண்ணைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். ஆறு மாதத்துக்கு இருந்தால் நீங்கள் சொல்வது சரி, இரண்டு மாதத்துக்குத்தான் இருக்கிறது என்றால் கூட்டாளி சொல்வது சரி. எண்ணைப் பேசாமல் கொள்கையைப் பேசுவதால்தான் சண்டை முடியமாட்டேன் என்கிறது. இன்னொன்று, எல்லாச் சின்ன வேலையும் ஒன்றில்லை. இரண்டு நாளில் முடித்துக் காசு வாங்குகிற வேலை அடுக்கை இறக்கும். பெரிய வேலைக்கென்று நீங்கள் வைத்திருக்கிற அந்த ஒரு நல்ல ஆளை, அடிமாட்டு விலைக்கு மாதக்கணக்கில் கட்டிப்போடுகிற சின்ன வேலை, கிணற்றின் வாயை மூடிவிடும். அப்புறம் நீளக் கட்டை வந்தாலும் வைக்க இடம் இருக்காது. மறுக்க வேண்டியது அந்த மாதிரி வேலையைத்தான்.

கே: என் கணவர் ராத்திரி ஒரு மணி வரை கேம் ஆடிவிட்டு 'இது ஆளுமை வளர்ச்சிக்காக' என்கிறார். போன இதழில் நீங்கள் எழுதிய வரியை வேறு வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறார்.
(பெயர் வேண்டாம்)

ப: மன்னியுங்கள் சகோதரி, அதைக் கிழித்துவிடுங்கள். கிழிப்பதற்கு முன்னால் "என்ன வளர்ந்திருக்கிறது?" என்று அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்ல மூன்று நொடிக்கு மேல் ஆனால், வளர்ந்தது அவருடைய கேரக்டரின் லெவல் மட்டும்தான்.

வேடிக்கைப் பேச்சு போதும். எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறும் இருக்கிறது. அதில் பார்க்கச் சொல்வது மூன்று: ஆட ஆரம்பித்தால் தன்னைக் கட்டுப்படுத்த முடியவில்லையா, மற்ற வேலை, பொழுதுபோக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு கேம் முன்னால் வந்து நிற்கிறதா, கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தும் தொடர்கிறாரா. இதனால் குடும்பமும் வேலையும் உண்மையிலேயே பாதிக்கப்பட்டு, சாதாரணமாக ஒரு வருடமாவது நீடித்தால்தான் கோளாறு என்பார்கள். அப்படி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், பத்திரிகைப் பதில் உதவாது. அப்படி இல்லையென்றால் மனிதருக்கு கேம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பிடித்திருக்கிறது, ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஆடலாமே. பொழுதுபோக்குக்கு எதற்கு வளர்ச்சி என்கிற வேஷம்? தினம் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் வரிசை அறுந்துவிடும் என்கிற மாதிரி கேம்களாக இருந்தால் மட்டும் கொஞ்சம் உஷாராக இருக்கச் சொல்லுங்கள். அவை ஆளை எழுந்திருக்க விடக்கூடாது என்றே செய்யப்பட்டவை.

கே: எங்கள் குழுவில் எல்லோரும் முன்பைவிட வேகமாக வேலை செய்கிறார்கள். புது மென்பொருளும் வாங்கியாயிற்று. ஆனால் வாடிக்கையாளர் கைக்கு வேலை போய்ச் சேருகிற நாள் மட்டும் மாறவே இல்லை. எங்கே ஓட்டை?
(உற்பத்தி மேலாளர்)

ப: இந்த இதழில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸை இன்றைக்கும் ஆட்கள் ஓடி ஓடி, 4 நிமிடம் 55 நொடிக்குள் முடிக்கிறார்கள். அந்த கேமுக்குள் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு லெவலை முடித்ததும் உடனே அடுத்ததற்கு விடாது. 21 ஃபிரேமுக்கு (திரையில் ஒரு படம் மாறுகிற நேரம் ஒரு ஃபிரேம்) ஒரு தரம்தான் 'முடித்துவிட்டானா' என்று எட்டிப் பார்க்கும். நொடிக்குச் சுமார் 60 ஃபிரேம் ஓடுகிறது, அப்படியென்றால் 0.35 நொடிக்கு ஒரு முறை கதவு திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உயிரைக் கொடுத்து ஒரு தாவலில் 10 ஃபிரேம் மிச்சம் பிடித்தாலும், கதவு திறக்கிற நேரம் மாறாவிட்டால் கதவடியில் நின்று அந்த 10 ஃபிரேமையும் தொலைக்கவேண்டியதுதான். அதுவே முந்தைய திறப்புக்கு ஒரே ஒரு ஃபிரேம் முன்னால் போய்ச் சேர்ந்தால் 21-ம் லாபம். கடைசி லெவலுக்கு மட்டும் இந்தக் கதவு கிடையாது, அங்கே ஒவ்வொரு ஃபிரேமும் கணக்கில் வரும். இது தெரியாதவன் எல்லா லெவலிலும் வியர்வை சிந்துவான். தெரிந்தவன் எங்கே வியர்வை சிந்தினால் கதவு மாறும் என்று முதலில் பார்ப்பான்.

எங்கள் நிறுவனத்தில் இது அப்படியே நடந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு வாரா வாரம் டிசைன் போகும். பையன்கள் புதன்கிழமை ராத்திரி கண்விழித்து, வியாழன் மத்தியானமே அனுப்பிவிடுவார்கள். முன்பு வியாழன் சாயங்காலம் போய்க்கொண்டிருந்தது இப்போது மத்தியானமே போகிறது என்று எங்களுக்கெல்லாம் பெருமை வேறு. ஒப்புதல் மட்டும் அடுத்த வாரம்தான் வரும். ஆறு மாதம் கழித்து, சும்மா பேசிக்கொண்டிருக்கையில் அந்தப் பக்கத்து அம்மா சொன்னார்: "எங்க மீட்டிங் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முடிஞ்சிடும் சார், அதுக்கப்புறம் வர்றது அடுத்த வியாழன்தான்." மத்தியானம் என்ன, சாயங்காலம் என்ன, இரண்டும் ஒன்றுதான். வேலையைச் செவ்வாய்க்கிழமையே ஆரம்பித்துப் புதன் சாயங்காலம் அனுப்பினோம். யாரும் கண்விழிக்கவில்லை, ஒரு வாரம் மிச்சமானது.

உங்கள் கதவு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பார்சல் வண்டி ஒரு நாளைக்கு ஒரு தடவை வருகிறதா, கையெழுத்துப் போடுகிறவர் வெள்ளிக்கிழமைதான் போடுவாரா? யாரையும் இன்னும் வேகமாக ஓடச் சொல்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

கே: ஊழியர்களுக்குப் புள்ளி, பேட்ஜ், முதலிடப் பட்டியல் எல்லாம் வைத்து வேலையை கேம் மாதிரி ஆக்கித் தருகிறோம் என்று ஒரு மென்பொருள் கம்பெனி வந்து நிற்கிறது. வாங்கலாமா?
(மனிதவளத் துறை வாசகி)

ப: அவர்கள் விற்பது கேமின் சட்டையை. ஆள் உள்ளே இல்லை.

புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று கேம் ஆடுகிற யாரையும் கேளுங்கள். எந்த வேலைக்குப் புள்ளி அதிகமோ, அதிலும் எது சுலபமோ, அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். கேமில் இதற்கு 'ஃபார்மிங்' என்று பெயர், யாரும் தப்பாக நினைப்பதில்லை. வாடிக்கையாளர் அழைப்பை முடித்தால் புள்ளி என்று வையுங்கள், அழைப்புகள் சீக்கிரம் முடியும், பிரச்சினைகள் முடியாது. முதலிடப் பட்டியல் அதைவிட மோசம். மேலே இருக்கிற மூன்று பேர் ரசிப்பார்கள், மீதி நாற்பது பேருக்கு இரண்டாவது வாரமே இது நமக்கில்லை என்று தெரிந்துவிடும். உண்மையான கேம்கள் சமமானவரோடு சமமானவரை மோதவிடுகின்றன, இவர்கள் அதை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கேம் செய்கிறவர்களிடம் கற்க வேண்டியது வேறு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்கிற ஆன்லைன் கேம் வெளிவருவதற்கு முன், சோதனை நிலையில், ஒரேயடியாக நெடுநேரம் ஆடினால் கிடைக்கிற அனுபவப் புள்ளி பாதியாகிவிடும் என்று விதி வைத்தார்கள். ஆட்களுக்குக் கோபமான கோபம். சரி என்று விதியைத் திருப்பிப் போட்டார்கள்: ஓய்வெடுத்துவிட்டு வருகிறவருக்கு இரட்டிப்புப் புள்ளி, அது தீர்ந்ததும் சாதாரணப் புள்ளி. உள்ளே கணக்கு கிட்டத்தட்ட அதேதான். தண்டனையாக எரிச்சலூட்டியது பரிசாக இனித்தது. உங்கள் அலுவலக விதிப் புத்தகத்தைத் திறந்து, எத்தனை வரி 'பிடித்தம் செய்யப்படும்' என்று முடிகிறது, எண்ணிப் பாருங்கள். அதில் பாதியைத் திருப்பி எழுத மென்பொருள் எதுவும் வேண்டாம். ஆனால் ஒன்று, உங்கள் ஊழியர்களும் கேம் ஆடுகிறவர்கள்தான். வெறும் வார்த்தை ஜாலம் என்றால் உங்களுக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கே: ஓர் ஒப்பந்தம் கைநழுவினால் அதை அன்றைக்கே ஈடுகட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி வருகிறது. இது நல்லதா கெட்டதா?
(விற்பனைப் பிரிவு வாசகர்)

ப: கேம் ஆடுகிறவர்கள் இதை 'டில்ட்' என்பார்கள். பழைய பின்பால் மெஷினைக் கோபத்தில் போட்டு ஆட்டினால் 'டில்ட்' என்று விளக்கு எரிந்து மெஷின் ஆட்டத்தையே நிறுத்திவிடும், அங்கிருந்து வந்த சொல். மெஷினுக்கு இருக்கிற அந்தப் புத்தி நமக்கு இல்லை, நாம் தொடர்ந்து ஆடுகிறோம்.

2011-ல் வந்த டார்க் சோல்ஸில் நீங்கள் செத்தால், சேர்த்துவைத்திருந்த சோல்ஸ், அதாவது அந்த கேமின் பணம், செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பப் போய்த் தொட்டால் உங்களுக்கு. போகிற வழியில் இன்னொரு தரம் செத்தால் போனது போனதுதான். இதனால் என்ன ஆகிறது? முதல் தரம் ஆடுகிற எல்லோரும் பதறியடித்து ஓடுகிறார்கள், வழியில் இருக்கிற சாதாரண எதிரியிடம் அடிபட்டுச் சாகிறார்கள். பாதை என்னவோ ஏற்கெனவே தெரிந்த பாதைதான். கொஞ்ச நாள் ஆனதும் புத்தி வருகிறது: நடந்து போகிறார்கள், அல்லது பெரிய பாஸிடம், அதாவது முடிவில் காத்திருக்கிற பலமான எதிரியிடம், போவதற்கு முன்னாலேயே கையில் இருப்பதைச் செலவழித்துவிட்டுப் போகிறார்கள்.

எனக்குப் புத்தி வந்தது கேமில் மட்டும்தான். எங்கள் வருமானத்தில் பாதியைத் தந்துகொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் விலகிய அன்று, ராத்திரி பதினொரு மணிக்கு, மூன்று பேருக்கு வழக்கமான விலையில் 30 சதவீதம் குறைத்து கொட்டேஷன் அனுப்பினேன். அவர்கள் மறுத்திருந்தால் பிழைத்திருப்பேன், இரண்டு பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒரு வருடம் நஷ்டத்தில் உழைத்தோம். இப்போது வீட்டு விதி: தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் கேமை அணைத்துவிட வேண்டும். அலுவலக விதி: கெட்ட சேதி வந்த அன்று விலை எழுதிய எந்த மெயிலும் வெளியே போகாது. எழுதலாம், டிராஃப்டில் தூங்கட்டும்.

கே: ஆன்லைன் கேமில் நான்கு வருடம் கில்டு (சேர்ந்து ஆடுகிறவர்களின் குழு) நடத்தினேன். பயோடேட்டாவில் போட்டால் சிரிப்பார்களா?
(வேலை தேடுபவர்)

ப: 'கில்டு மாஸ்டர், லெவல் 60' என்று போட்டால் சிரிப்பார்கள். என்ன செய்தீர்கள் என்று போடுங்கள். பெரிய ரெய்டு, அதாவது கூட்டுத் தாக்குதல், ஒன்றுக்கு நாற்பது பேர் வேண்டிய காலம் உண்டு. வெவ்வேறு நேர மண்டலத்தில் இருக்கிற நாற்பது பேரை ஒரே நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அதில் இரண்டு பேர் வராமல், ஒருத்தருக்கு மைக் வேலை செய்யாமல், மூன்று மணி நேரம் போராடி பாஸை வீழ்த்தினால் விழுகிற ஒரே வாளுக்கு ஏழு பேர் கை நீட்டுவார்கள். யாருக்குக் கொடுப்பது? 1999-ல் வந்த எவர்குவெஸ்ட் என்கிற ஆன்லைன் கேமின் காலத்திலேயே கில்டுகள் இதற்கு வருகையைக் கணக்கிட்டுப் புள்ளி தருகிற முறையைக் கண்டுபிடித்துவிட்டன. சம்பளமே இல்லாத இடத்தில் போட்ட சம்பளக் கொள்கை அது!

"ஊதியமில்லாத 40 பேர் குழுவை வாரம் இருமுறை ஒருங்கிணைத்தேன், பங்கீட்டு விதிகளை எழுதி நடைமுறைப்படுத்தினேன்" என்று ஒரு வரி போதும், அது உண்மையாக இருந்தால். நேர்முகத்தில் கட்டாயம் கேள்வி வரும். கில்டிலிருந்து யாரையாவது நீக்கியிருக்கிறீர்களா, எப்படிச் சொன்னீர்கள், அவருடைய நண்பர்களை எப்படிச் சமாளித்தீர்கள்? இந்தக் கதை உங்களிடம் இருந்தால் தைரியமாகப் போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் கில்டு நடத்தவில்லை, கில்டில் இருந்தீர்கள்.

கே: 'தோல்வியே வெற்றிக்கு முதல் படி' என்பது கேம் ஆடுகிறவர்களுக்குத்தானே நன்றாகப் புரியும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ப: ஐயா, ரோவியோ நிறுவனம் 51 கேம் செய்துவிட்டு 52-வதாக, 2009-ல் ஆங்ரி பேர்ட்ஸ் செய்து ஜெயித்த கதையை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். 51 செய்துவிட்டுக் கடையை மூடியவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

எனக்குப் பிடித்த கதை வேறு. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு என்பவர் குழு சேர்த்து இரண்டு முறை ஆன்லைன் கேம் செய்யப் பார்த்தார். இரண்டும் நிற்கவில்லை. முதல் முயற்சியின் மிச்சத்திலிருந்து 2004-ல் ஃபிளிக்கர் என்கிற புகைப்படத் தளம் வந்தது. இரண்டாவது, கிளிட்ச் என்கிற கேம், 2011-ல் திறந்து 2012 டிசம்பரில் மூடிவிட்டார்கள். அதைச் செய்துகொண்டிருந்த குழு தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கருவியைத் தட்டிக்கொட்டி வைத்திருந்தது, அதுதான் பிறகு ஸ்லாக் என்கிற அலுவலக உரையாடல் மென்பொருள் ஆனது. 2021-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்கிற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கிய ஒப்பந்தத்தின் மதிப்பு 2,770 கோடி டாலர். மனிதர் விடாப்பிடியாகப் படி ஏறவில்லை பாருங்கள், சரிவரவில்லை என்றதும் நிறுத்திவிட்டுக் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார். ஒரே பாஸிடம் ஒரே மாதிரி நாற்பது தடவை சாவதைப் பயிற்சி என்று நாங்களும் சொல்லிக்கொள்வதுண்டு. மறுபடி என்கிற பட்டனை அழுத்துவதற்கு முன் 'எதனால் செத்தேன்' என்று ஒரு வரியில் சொல்ல முடியவில்லையென்றால், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பது நல்லது.

கே: 52 வயதில் ஆன்லைன் செஸ் ஆட ஆரம்பித்தேன். எவ்வளவு படித்தாலும் பாதி ஆட்டம் தோற்கிறேன். பதவி உயர்வு வந்ததிலிருந்து அலுவலகத்திலும் இதே நிலைமை. வயசாகிவிட்டதா?

ப: செஸ் தளங்கள் ஆர்பட் ஈலோ கண்டுபிடித்த தரவரிசை முறையின் வழிவந்த கணக்கில்தான் ஜோடி சேர்க்கின்றன. (உலக செஸ் கூட்டமைப்பு அதை 1970-லேயே ஏற்றுக்கொண்டது.) நீங்கள் முன்னேறினால் அது சும்மா இருக்காது, இன்னும் பலமான ஆளைக் கொண்டுவந்து உட்காரவைக்கும். அதனால் வாழ்நாள் முழுக்கப் படித்தாலும் ஏறக்குறைய பாதி ஆட்டம் தோற்பீர்கள். எத்தனை ஜெயித்தேன் என்று பார்க்காதீர்கள், யாரிடம் தோற்கிறேன் என்று எதிராளியின் தரவரிசையைப் பாருங்கள். அலுவலகத்துக்கும் இதுவே. இரண்டு வருடத்துக்கு முந்தைய டைரியை எடுத்து, அன்றைக்கு எதற்குத் தூக்கம் கெட்டது என்று படித்துப் பாருங்கள். சிரிப்பு வந்தால் உங்கள் ரேட்டிங் ஏறியிருக்கிறது.

கே: இத்தனை புத்திமதி சொல்கிறீர்களே, நீங்கள் இப்போது என்ன ஆடிக்கொண்டிருக்கிறீர்கள்?
(குறும்புக்கார வாசகி)

ப: டெட்ரிஸ்தான், அந்தப் பழைய டெட்ரிஸ். நேற்று ராத்திரி வலது ஓரத்தைக் காலியாக வைத்துக்கொண்டு 34 கட்டை வரை எண்ணினேன், நீளக் கட்டை வரவே இல்லை. மேலே அந்தப் பங்குதாரருக்குச் சொன்ன புத்திமதி எனக்கு இருபதாவது கட்டையிலேயே ஞாபகம் வந்தது. கேட்கவில்லை.